கடைவாசல் கணக்கு: சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெரு வழியே

சான் பிரான்சிஸ்கோவில் தெருவின் சீர்கேடு சிறு கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் செலவாக ஏறுகிறது. இரவில் உடைபட்ட கண்ணாடி, காலையில் கழுவ வேண்டிய வாசல், இருட்டுவதற்கு முன்பே கடையை அடைப்பதால் விட்டுப்போகும் வியாபாரம், காவலுக்கு ஓர் ஆள், கூடிப்போன காப்பீட்டுத் தவணை என ஒவ்வொன்றுக்கும் டாலரில் ஒரு தொகை உண்டு. வாடகை, கூலி, மின்சாரம், சரக்கு எல்லாம் தம் போக்கில் விலை ஏறிக்கொண்டிருக்க, இந்தத் தொகைகள் அவற்றின் மேல் வந்து சேர்கின்றன. பெரிய நிறுவனம் கணக்குப் பார்த்துவிட்டு ஊரைக் காலி செய்துவிடும். தன் பெயரில் குத்தகைக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுத்த சிறு கடைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. நகரின் நடுவே ஓடும் மார்க்கெட் தெருவைப் பிடித்து நடந்தால் இந்த வேறுபாடு பேட்டைக்குப் பேட்டை புலப்படுகிறது.

நகரம் சிறியது. ஏறத்தாழ 121 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். விரிகுடாக் கரையில் 1898இல் திறக்கப்பட்ட ஃபெரி கட்டடத்தின் மணிக்கூண்டடியில் மார்க்கெட் தெரு தொடங்குகிறது. தென்மேற்கு நோக்கிக் குறுக்காக வெட்டிக்கொண்டு போய், சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி காஸ்ட்ரோ பேட்டையைத் தொடுகிறது. பழைய காலத்து டிராம் வண்டிகள் இன்னும் அதில் ஓடுகின்றன. கிழக்குப் பாதியில் தனியார் கார்களுக்கு 2020 ஜனவரியில் தடை வந்தது.

ஃபெரி கட்டடத்துக்குள் இருக்கும் கடைகளைப் பார்த்தால் ஊரில் குறை எதுவும் இருப்பதாகத் தோன்றாது. 1989 நிலநடுக்கத்தில் சேதமடைந்த கடலோர மேம்பாலத்தை 1991இல் இடித்த பிறகுதான் இந்தக் கட்டடத்துக்கு வெளிச்சமே வந்தது. 2003இல் அது உணவு அங்காடியாக மாறியது. சிப்பி, பாலாடைக்கட்டி, ரொட்டி விற்கும் கடைகள் வரிசையாக நிற்கின்றன, தரை பளபளக்கிறது. பெருக்குவதும் காவல் பார்ப்பதும் கட்டட நிர்வாகத்தின் வேலை. அதற்கான செலவு வாடகையோடு சேர்ந்து கடைகளின் தலையில் விழுகிறது. ஒழுங்கு இங்கே விலைக்குக் கிடைக்கிறது; அந்த விலையை எல்லாக் கடைகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. கதவைத் தாண்டித் தெருவுக்கு வந்தால் பங்கு போட ஆளில்லை.

தெருவைக் கடந்ததும் வருவது வங்கிகளும் மென்பொருள் நிறுவனங்களும் நிறைந்த நிதிப் பேட்டை. 2018இல் திறந்த சேல்ஸ்ஃபோர்ஸ் கோபுரம் 326 மீட்டர் உயரம். இதன் காலடியில் உள்ள சாண்ட்விச் கடை, காப்பிக்கடை, சலவைக்கடை, செருப்புத் தைப்பவர் எல்லோருக்கும் அலுவலகப் பணியாளரின் மதிய ஒரு மணி நேரம்தான் பிழைப்பு. 2020 மார்ச் 17 அன்று ஊரடங்கு தொடங்கியது. அந்தக் கூட்டம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகிவிட்டது. கொரோனாவுக்கு முன் 5 சதவீத அளவில் இருந்த காலி அலுவலக இடம் 2023இல் 30 சதவீதத்தைத் தாண்டியது. பணியாளர்களைக் கொண்டுவந்து இறக்கும் பார்ட் ரயிலின் பயணிகள் எண்ணிக்கை 2024இலும் 2019இன் பாதியை எட்டவில்லை. இப்போது செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாள்களில் மட்டும் கடைகளில் வரிசை தெரிகிறது. வாரத்தில் மூன்று நாள் கூட்டம், ஏழு நாள் வாடகை.

அந்த வாடகையின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். அமெரிக்கக் கடைக் குத்தகையில் பரவலாக உள்ள முறைப்படி, அடிப்படை வாடகைக்கு மேலாகக் கட்டடத்தின் சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றையும் குத்தகைக்காரரே செலுத்துகிறார். ஆக, கட்டடத்தின் காப்பீடு ஏறினாலும் சுமை கடைக்காரருக்கே. ஒப்பந்தம் ஐந்தாண்டு, பத்தாண்டு என நீளும். புதிதாகத் தொடங்கும் சிறு வணிகரிடம் பெரும்பாலும் சொந்தப் பொறுப்பில் உத்தரவாதம் கேட்கிறார்கள். கடையை மூடினாலும் மிச்ச வாடகைக்கு அவர் சேமிப்பும் சொத்தும் பிணை. பல வீடுகளின் வாடகை உயர்வுக்கு நகரம் வரம்பு வைத்திருக்கிறது. கடை வாடகைக்கு அப்படி வைக்கக்கூடாது என்று 1987இலேயே கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் போட்டுவிட்டது. எந்த மேயர் வந்தாலும் இந்த ஒரு செலவில் கைவைக்க வழியில்லை.

பவல் தெரு முனையில், கேபிள் கார்களைக் கையால் தள்ளித் திருப்பும் வட்டமேடைக்கு எதிரே, ஒரு பெரிய வணிக வளாகம் நிற்கிறது. 1988இல் திறந்தபோது அதன் சுருள் வடிவ நகரும் படிகளைப் பார்ப்பதற்கென்றே மக்கள் வந்தார்கள். 2023 ஜூனில் அதன் உரிமை நிறுவனங்கள் 55.8 கோடி டாலர் கடனுக்குத் தவணை கட்டுவதை நிறுத்தி, வளாகத்தைக் கடன் கொடுத்தவர்களிடமே விட்டுவிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் அங்கிருந்த நார்ட்ஸ்ட்ரம் அங்காடி மூடப்பட்டது. சற்றுத் தள்ளி 8ஆம் தெரு முனையில் 2022 மார்ச்சில் திறந்த ஹோல் ஃபுட்ஸ் பலசரக்கு அங்காடி, பணியாளர் பாதுகாப்பைக் காரணம் காட்டி 2023 ஏப்ரலில் மூடிக்கொண்டது. உலகச் செய்திகளில் இடம்பிடித்தவை இந்த மூடல்கள்தான். அவற்றின் கூட்டத்தை நம்பிப் பக்கத்துச் சந்தில் கைப்பேசி உறையும் பூவும் விற்றவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை.

திருட்டைப் பற்றிய பேச்சில் கொஞ்சம் நிதானம் தேவைப்படுகிறது. வால்கிரீன்ஸ் மருந்துக்கடை நிறுவனம் 2021இல் நகரில் சில கிளைகளை மூடியபோது கடைத்திருட்டைக் காரணமாகச் சொன்னது. 2023 ஜனவரியில் அதன் நிதித் தலைவரே, முந்தைய ஆண்டு தாங்கள் சற்று அதிகமாகவே புலம்பிவிட்டதாக முதலீட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டார். 950 டாலருக்குக் குறைவான திருட்டைக் கலிஃபோர்னியாவில் யாரும் கேட்பதில்லை என்ற பேச்சும் அப்படித்தான் ஊதிப் பெருகியது. 2014இல் வாக்காளர்கள் ஏற்ற 47ஆம் முன்மொழிவின்படி அந்தத் தொகைக்குக் கீழே நடக்கும் திருட்டு சிறு குற்றம். அதற்கும் சிறைத்தண்டனை உண்டு. கடுமைக்குப் பேர்போன டெக்சாஸில் பெருங்குற்றத்துக்கான வரம்பு 2,500 டாலர். உண்மையான கோளாறு, பிடிப்பதற்கு ஆள் வராததும் பிடித்தவர் மறுநாள் திரும்பி வந்ததும். 2024 நவம்பரில் 36ஆம் முன்மொழிவை மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் ஆதரித்தார்கள். திருட்டுக்காக ஏற்கெனவே இருமுறை தண்டிக்கப்பட்டவர், திருடிய தொகை எவ்வளவு சிறிதானாலும், இனி பெருங்குற்ற வழக்கைச் சந்திக்கலாம்.

பெரிய நிறுவனம் திருட்டு இழப்பை ஆயிரக்கணக்கான கிளைகளில் பரப்பிவிடும். மூலைக்கடைக்காரரின் கணக்கு வேறு. நூறு டாலருக்கு விற்றால் மளிகையில் கையில் நிற்பது இரண்டரை டாலர் என்று வைத்துக்கொண்டால், ஐம்பது டாலர் சரக்கு போனதை ஈடுகட்ட இரண்டாயிரம் டாலருக்கு விற்றாக வேண்டும். புகார் கொடுக்கக் கடையை விட்டுப் போக முடியாது. போனாலும் காப்பீட்டில் கிடைப்பது ஒன்றுமில்லை, ஏனெனில் முதல் ஆயிரம் டாலரோ அதற்கு மேலோ கடைக்காரரின் கைக்காசு என்றுதான் பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் சொல்கின்றன. எனவே பல திருட்டுகள் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை. பெரிய கடைகளின் புலம்பல் மிகை என்றால், சிறு கடைகளின் மௌனம் குறை. இரண்டையும் வைத்துக்கொண்டு சரியான எண்ணைக் காண்பது கடினம்.

பவல் முனையிலிருந்து ஸ்டாக்டன் தெரு வழியாக வடக்கே ஏறினால் சைனாடவுன். வேறு சில பேட்டைகளில் காணும் போதைப்பொருள் கூட்டம் இங்கே இல்லை. காலை ஏழு மணிக்கே கீரையும் மீனும் வாங்கப் பாட்டிமார் வண்டி இழுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் 2020, 2021 ஆண்டுகளில் ஆசிய முதியவர்கள் மீது நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு கடைகள் அந்தி சாய்ந்ததும் அடைக்கத் தொடங்கின. இரவு உணவு வியாபாரம் அதோடு போயிற்று.

சைனாடவுனின் மனத்தாங்கல் பழையது. 1991இல் இடித்த கடலோர மேம்பாலம்தான் வெளியூர் வாடிக்கையாளர்களை இங்கே நேராக இறக்கியது. அதற்கு ஈடாகக் கேட்டுப் பெற்ற சுரங்க ரயில் பாதை 195 கோடி டாலர் செலவில், நான்காண்டுத் தாமதத்துக்குப் பின் 2022 நவம்பரில் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஸ்டாக்டன் தெருவைத் தோண்டிப் போட்டிருந்ததில் ரயிலுக்காகக் காத்திருந்த கடைகளில் சில அதைப் பார்க்காமலே மூடின. 2025 ஏப்ரலில் சீனப் பொருள்கள் மீதான இறக்குமதி வரி 145 சதவீதமாக உயர்ந்து, மே மாதம் 30 சதவீதமாக இறங்கியது. கிராண்ட் அவென்யூவில் விசிறி, பீங்கான், பொம்மை விற்பவர் எந்த விலைச்சீட்டை ஒட்டுவது என்று தெரியாமல் நின்ற மாதங்கள் அவை. பேரங்காடி முன்கூட்டியே கிடங்கை நிரப்பிக்கொண்டது. பத்தடி அகலக் கடையில் நிரப்ப இடம் ஏது?

மீண்டும் மார்க்கெட் தெருவுக்கு இறங்கி, பவலுக்கு மேற்கே சில அடிகள் வைத்தால் டெண்டர்லாயின். அமெரிக்காவின் பணக்கார நகரங்களுள் ஒன்றின் நடுவே, நகர மன்றத்தின் பொற்கவிகை தெரியும் தூரத்தில், இந்த வறிய பேட்டை இருக்கிறது. 1906 நிலநடுக்கத்துக்குப் பின் கட்டிய ஒற்றை அறை விடுதிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. இவற்றில் பலவற்றை 1940களிலிருந்து குத்தகைக்கு எடுத்து நடத்தி வந்தவர்கள் குஜராத்திகள். இந்திய, பாகிஸ்தானி உணவகங்கள் ஓஃபாரல், ஜோன்ஸ் தெருக்களில் இன்றும் உண்டு. வாடகை வண்டி ஓட்டுநர்கள் நள்ளிரவில் ரொட்டியும் கறியும் சாப்பிட வந்து வளர்த்துவிட்ட கடைகள். வியட்நாம் போருக்குப் பின் அகதிகளாக வந்தோர் லார்கின் தெருவில் கடை போட்டார்கள். 2004இல் அதன் இரண்டு துண்டுகளுக்கு நகரம் லிட்டில் சைகோன் என்று பெயர் சூட்டியது. பேட்டையில் மூவாயிரம் அளவில் குழந்தைகள் இருக்கிறார்கள். செய்திப் படங்களில் அவர்கள் வருவதில்லை.

நடைபாதையில் நிற்பவை வேறு. ஃபென்டனில் என்ற செயற்கைப் போதைப்பொருள் வந்த பிறகு நகரில் மிகைப் போதையால் நேர்ந்த சாவுகள் 2020இல் 700ஐத் தாண்டின. 2023இல் 800ஐயும் தாண்டின. அவற்றில் கணிசமானவை டெண்டர்லாயினிலும் அதன் தெற்கேயுள்ள பேட்டையிலும். 2020 மே மாதம் இங்குள்ள சட்டக் கல்லூரியும் பேட்டைவாசிகள் சிலரும் நகரத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். நடைபாதைகளில் அப்போது 400க்கும் மேற்பட்ட கூடாரங்கள் இருந்தன; சமரச உடன்பாட்டின்படி அவற்றில் இருந்தோரில் பெரும்பாலோர் விடுதி அறைகள் போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். 2021 டிசம்பரில் மேயர் லண்டன் பிரீட் பேட்டையில் நெருக்கடி நிலை அறிவித்தார். 90 நாளில் அது முடிந்தது. தெரு பெரிதாக மாறிவிடவில்லை.

ஒரு கடைக்காரரின் காலை இங்கே எப்படித் தொடங்கும் என்பது ஊரறிந்தது. வாசலில் உறங்குபவரை எழுப்ப வேண்டும். அவர் எழுந்திருக்காவிட்டால் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கடைகளின் கல்லாவுக்குக் கீழே போதை முறிக்கும் மூக்குத் தெளிப்பு மருந்து வைத்திருக்கிறார்கள். பிறகு ஊசி, புகைத்த தகடு, மலம், சிறுநீர். குழாயைப் பிடித்துக் கழுவினால்தான் போணிக்கு ஆள் உள்ளே வரும். நடைபாதை அரசு நிலம். ஆனால் அதைப் பழுது பார்த்து வைக்கும் பொறுப்பைக் கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் ஒட்டியுள்ள சொத்தின் உரிமையாளர் மேல் வைத்திருக்கிறது. குத்தகை ஒப்பந்தம் அதை அப்படியே கடைக்காரருக்குக் கைமாற்றிவிடுகிறது. சுவரில் கிறுக்கியிருந்தால் அழிக்க வேண்டியதும் சொத்துக்காரரே: நகரம் அறிவிப்பு ஒட்டியதிலிருந்து முப்பது நாள் அவகாசம், தவறினால் தண்டம். கிறுக்கியவருக்கு அறிவிப்பு அனுப்ப முகவரி தெரியாது. கடைக்கு முகவரி உண்டு. சட்டம் முகவரி உள்ள இடத்தில்தான் வந்து நிற்கிறது.

கண்ணாடி விஷயமும் இப்படியே. ஒரு பெரிய முகப்புக் கண்ணாடியை மாற்ற ஆயிரம் டாலர் எளிதாகத் தாண்டும்; கண்ணாடி வரும்வரை ஒட்டுப்பலகை அடித்த கடையைப் பார்த்து மூடிவிட்டார்கள் என்று வாடிக்கை திரும்பிப் போகும். உடைந்த கண்ணாடிக்கு 2,000 டாலர் வரை நகரமே உதவித்தொகை தரும் திட்டம் கொண்டுவந்தது. அதே நகரத்தின் திட்டமிடல் விதி, கடை முகப்பில் முழுத்தகடு உருட்டுக் கதவு போடக்கூடாது, உள்ளே பார்வை போகும்படி கம்பி வலைதான் இருக்க வேண்டும் என்று நெடுங்காலம் வற்புறுத்தியது. தெரு இருண்டுபோகக்கூடாது என்ற நல்லெண்ணம். தி.நகரிலோ டவுன்ஹால் வீதியிலோ இரவு பத்து மணிக்கு ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகும் வணிகருக்கு இப்படியொரு விதியே விளங்காது. 2025இல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள்.

2024 ஜூலையில் வந்த இன்னொரு விதி கடைக்காரர்களையே இரண்டாகப் பிரித்தது. டெண்டர்லாயினின் சுமார் 20 தெருத்துண்டுகளில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தின்பண்டமும் புகையிலையும் விற்கும் கடைகள் திறந்திருக்கக் கூடாது என்றது அது. நள்ளிரவுக் கடையின் வெளிச்சமே போதை விற்பவர்களைக் கூட்டுகிறது என்பது நகரின் வாதம். குடியிருப்போர் பலர் வரவேற்றார்கள். இரவு வியாபாரத்தை நம்பியிருந்தவர்களுக்கு, தெருவில் நின்று விற்பவன் செய்த குற்றத்துக்குத் தாங்கள் அபராதம் கட்டுவதாகப்பட்டது. இருவர் பக்கமும் நியாயம் உண்டு. இழப்பு என்னவோ ஒருவருக்கு மட்டும்.

டெண்டர்லாயினின் தெற்கு விளிம்பில், மார்க்கெட் தெருவை ஒட்டி, ஐக்கிய நாடுகள் சதுக்கம். அருகிலுள்ள கட்டடத்தில் 1945இல் ஐ.நா. சாசனம் கையெழுத்தானதன் நினைவு. போதை வியாபாரத்தின் திறந்தவெளிக் கூடமாக மாறிப்போயிருந்த இதை, 2023 நவம்பரில் சறுக்குப்பலகை விளையாட்டுத் திடலாக மாற்றினார்கள். இளைஞர்கள் வந்தார்கள், பகலில் தெரு தெளிந்தது. ஆனால் 1981 முதல் வாரம் இருமுறை அங்கே கடை விரித்த உழவர் சந்தையைப் பக்கத்துத் திடலுக்கு நகர்த்தித்தான் இடம் உண்டாக்கினார்கள். மலிவு விலைக் காய்கறிக்கு வந்தவர்கள் புது இடத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. சதுக்கத்துக்குச் சற்று மேற்கே உள்ள பெருங்கட்டடத்துக்கு ட்விட்டர் நிறுவனத்தை இழுக்க 2011இல் நகரம் ஊதியவரிச் சலுகை கொடுத்தது. சலுகை 2019இல் முடிந்தது, நிறுவனம் 2024இல் போய்விட்டது. இடைக்காலத்தில் அந்த ஊழியர்களுக்காகத் திறந்த கடைகளின் வாடகையில் மட்டும் ட்விட்டர் கால மதிப்பு தங்கியிருந்தது.

சற்று மேற்கே குறுக்கிடும் வான் நெஸ் அவென்யூ, ஒழுங்கைக் கொண்டுவரும் வேலையே ஒழுங்கைக் குலைப்பதற்கு எடுத்துக்காட்டு. விரைவுப் பேருந்துத் தடத்துக்காக 2016இல் தோண்டத் தொடங்கி, முதலில் சொன்ன தேதிக்கு மூன்றாண்டு தள்ளி 2022 ஏப்ரலில் திறந்தார்கள். பேருந்துகள் இப்போது வேகமாகவே போகின்றன. தடுப்பு வேலிகளுக்குப் பின்னால் நிறுத்த இடமின்றி இருந்த கடைகள் அதற்குள் பல மூடிவிட்டன.

மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே உள்ள மிஷன் பேட்டை லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளுடையது. இங்கே சீர்கேட்டின் வடிவம் மாறுகிறது. 2018இல் கலிஃபோர்னியா நடைபாதை வியாபாரத்தைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. தமாலே பலகாரம் அவித்து விற்கும் தாய்மாரைக் காவல்துறை துரத்துவது அதோடு நின்றது. அதே சட்டத்தின் நிழலில் 16ஆம், 24ஆம் தெரு ரயில் நிலையத் திடல்களில் வேறொரு சந்தை முளைத்தது. மருந்துக்கடையில் காலையில் திருடிய சலவைத்தூளும் குழந்தை அரையாடையும் மதியம் விரிப்பில் பாதி விலைக்குக் கிடைத்தன. பின்னால் உள்ள மலிவுவிலைக் கடைக்காரர் அதே பொருளை மொத்த விலைக்கு வாங்கி, வாடகை கட்டி, வரி கட்டி விற்கிறார். திருட்டுச் சரக்கோடு விலையில் போட்டி போட்டால் கட்டுப்படியாகுமா?

2023 நவம்பர் இறுதியில் மிஷன் தெருவில் நடைபாதை வியாபாரம் முழுவதையும் நகரம் தடை செய்தது. அனுமதிச்சீட்டு வாங்கி ஒழுங்காக விற்றவர்களும் சேர்ந்தே எடுபட்டார்கள். மாற்றாகக் கொடுத்த உள்ளரங்கில் கூட்டமில்லை. 2024 தொடக்கத்தில் வியாபாரிகள் சிலர் உண்ணாவிரதம் இருந்தார்கள். நடைபாதை வணிகத்தின் உயிர் போகிறவர் வருகிறவர் கண்ணில் படுவது. அதை ஓர் அறைக்குள் வைத்துக் காப்பாற்றலாம் என்று நினைத்தது நகர அதிகாரிகளின் பிழை. கடைக்காரர்கள் தடையை ஆதரித்தார்கள் என்றாலும், இருசாராருக்கும் வாடிக்கையாளர் ஒரே மக்கள்தான்.

ஒரு தெரு தள்ளி வலென்சியா. புத்தகக் கடை, மிதிவண்டிக் கடை, விலை கூடிய காப்பி. 2023 ஆகஸ்டில் தெருவின் நடுவே மிதிவண்டித் தடம் அமைத்ததும் வண்டி நிறுத்த இடமும் இடதுபுறத் திருப்பமும் போயின. வியாபாரம் சரிந்ததற்கு அதுதான் காரணம் என்று உணவகக்காரர் ஒருவர் உண்ணாவிரதம் இருக்கும் அளவுக்குச் சண்டை முற்றியது. போக்குவரத்துத் துறையோ விற்பனைச் சரிவுக்குத் தடத்தைக் குறை சொல்ல முடியாது என்றது. 2025இல் தடத்தை ஓரத்துக்கு மாற்றினார்கள். நகரம் முழுதும் வியாபாரம் இறங்கியிருந்த காலத்தில் ஒரு தடத்தின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது யாராலும் முடியாத காரியம்.

இதே பேட்டையில் பனிக்கூழ்க் கடை திறக்க முயன்ற ஒருவர், போட்டிக் கடைக்காரரின் ஆட்சேபத்தால் நகரின் அனுமதி விசாரணைகளில் ஒன்றரை ஆண்டு அலைந்து, ஏறத்தாழ 2 லட்சம் டாலரை இழந்து 2021இல் கைவிட்டார். ஒரு கரண்டி பனிக்கூழ்கூட விற்கவில்லை. எளிய அனுமதிகளை முப்பது நாளில் முடிக்க வேண்டும் என்று 2020 நவம்பரிலேயே வாக்காளர்கள் சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். அவருக்கு அது பிந்திப்போனது.

கூலியைப் பற்றிச் சொல்லாமல் செலவுக் கணக்கு முடியாது. நகரின் குறைந்தபட்ச ஊதியம் 2018 ஜூலையில் மணிக்கு 15 டாலர். 2025 ஜூலையில் 19.18 டாலர். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் மருத்துவச் செலவுக்கும் மணிக்கணக்கில் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். உணவகச் சீட்டுகளின் அடியில் காணும் ஐந்தாறு சதவீதக் கூடுதல் கட்டணம் பெரும்பாலும் அதற்காக. முதலாளிகள் இதைச் சுமையென்று சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அந்த 19.18 டாலரில் ஆண்டு முழுதும் முழுநேரம் உழைத்தால் வரியெல்லாம் போகுமுன் கிடைப்பது சுமார் 39,900 டாலர். ஒரு படுக்கையறை வீட்டின் மாத வாடகை 3,000 டாலரைத் தாண்டும் ஊர் இது. கடைக்காரரின் லாபமும் கடைப்பையனின் கூலியும் கடைசியில் கட்டடக்காரர் வீட்டுக்கே போய்ச் சேருகின்றன. விரிகுடாவைக் கடந்து ஓக்லாண்டிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வேலைக்கு வருபவர்கள் இரவு வெகுநேரம் தங்கத் தயங்குவதால் கடை நேரம் மேலும் சுருங்குகிறது.

மார்க்கெட் தெரு வழியே மேலும் மேற்கே போனால் காஸ்ட்ரோ. ஓரினச் சேர்க்கையாளர் உரிமை இயக்கத்தின் பேட்டை; கடைகள் பெரும்பாலும் சொந்தக்காரர்களே நடத்துபவை. 2022 ஆகஸ்டில் இங்குள்ள வணிகர் சங்கம், தெருவில் மனநோயோடும் போதையோடும் உழல்பவர்களுக்கு இடம் ஏற்பாடு செய்யாவிட்டால் வரி கட்டுவதை நிறுத்துவோம் என்று நகரத்துக்கு எழுதியது. அவர்கள் கேட்டது காவல்தடி அல்ல, படுக்கைகள் என்பது கவனிக்க வேண்டியது. 2024 கணக்கெடுப்பில் நகரில் வீடற்றோர் 8,323 பேர். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பொதுவிடத்தில் உறங்குவதற்குத் தண்டம் விதிக்க நகரங்களுக்கு வழிவிட்டது; கூடாரங்கள் குறைந்தன. ஆட்கள் குறைந்தார்களா, இடம் மாறினார்களா என்பதில் பேட்டைக்கு ஒரு பதில்.

அதன் பிறகு நகரம் சும்மா இருக்கவில்லை. 2024 நவம்பரில் ஆண்டு வரவு 50 லட்சம் டாலர் வரை உள்ள வணிகங்களுக்கு மொத்த வரவு வரியிலிருந்து விலக்கு வந்தது. முப்பதாண்டு பழைய கடைக்குப் பத்தாண்டு குத்தகை நீட்டித்துத் தரும் கட்டட உரிமையாளருக்குச் சதுர அடிக்கு 4.50 டாலர் வரை ஊக்கத்தொகை தரும் திட்டம் 2015இலேயே வந்திருந்தது. 2025 ஜனவரியில் பதவியேற்ற மேயர் டேனியல் லூரி, வாசலில் மேசை நாற்காலி போடுவதற்கான அனுமதிச் சடங்குகளை ஒழித்தார். குற்றமும் இறங்கியது. 2017இல் 30,000ஐத் தாண்டியிருந்த கார்க் கண்ணாடி உடைப்புத் திருட்டுகள் 2024இல், முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால், பாதிக்கும் கீழே போயின. தெற்கே சன்னிவேல், ஃப்ரீமான்ட் ஊர்களில் குடியிருக்கும் தமிழர்கள் வீட்டு விருந்தாளிகளிடம் நகரத்துக்குக் கிளம்புமுன் சொல்லும் முதல் புத்திமதி மட்டும் இன்னும் மாறவில்லை: காரில் பையை வைக்காதே. வெளியூர்க்காரர் அஞ்சி வராமலிருப்பது குற்றம் குறைந்த அன்றே தீர்ந்துவிடுவதில்லை.

செலவும் அப்படியே. காப்பீட்டுத் தவணை சென்ற ஆண்டுகளின் சேதத்தைப் பார்த்து ஏறியது, இறங்குவதற்கு அவசரப்படாது. குத்தகையில் எழுதிய வாடகை தெரு சுத்தமானதும் குறையாது. புதிதாக வருபவருக்குக் குறைத்துக் கொடுக்கவும் கட்டட உரிமையாளர் தயங்குகிறார்: கடன் கொடுத்த வங்கி கட்டடத்தின் மதிப்பை வாடகையை வைத்தே கணக்கிடுகிறது, குறைந்த வாடகையில் பத்தாண்டு ஒப்பந்தம் எழுதினால் மதிப்பு சரியும். காலியாக வைத்தால் நல்ல காலம் வரும் என்று காட்டிக்கொள்ளலாம். இந்தப் பழக்கத்தை உடைக்கவே 2020 மார்ச்சில் காலிக்கடை வரி கொண்டுவந்தார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டில் 182 நாளுக்கு மேல் கடை காலியாக இருந்தால் முகப்பின் ஒவ்வொரு அடிக்கும் முதலாண்டு 250 டாலர், அடுத்து 500, பிறகு 1,000. இருபத்தைந்தடி முகப்புக்கு மூன்றாம் ஆண்டில் 25,000 டாலர் என்பது காஸ்ட்ரோ போன்ற பேட்டையில் உறைக்கக்கூடிய தொகை. அந்த வரி பேட்டைக் கடைத்தெருக்களுக்கு மட்டுமானது. காலிக்கடைகள் மிகுந்த பவல் முனைக்கும் நிதிப் பேட்டைக்கும் அது பொருந்தாது.